நோட் 3, லூப் 2, டிடெக்டர் 87

தீ எச்சரிக்கை பேனலின் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுபவை வயர்கள்தான். சிவப்பும் கறுப்புமாகக் கட்டுக்கட்டாக இறங்கி, டெர்மினல்களில் முடிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே, திரைக்குப் பின்பக்கமாக, நான்கு ஸ்க்ரூவில் ஒரு சர்க்யூட் போர்டு நிற்கும். ப்ராசசர், மெமரி, கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடுவதற்கு ஒரு காயின் செல், ஓரத்தில் லேப்டாப்பைச் சொருக ஒரு துளை. இதுதான் மையக் கட்டுப்பாட்டு மாட்யூல். தொழிலில் இருப்பவர்களுக்கு சி.பி.யூ. கார்டு.

நான்கு கட்டடங்கள் கொண்ட ஒரு மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பேனல் இருக்கும். நான்கையும் ஃபைபர் கேபிள் வளையமாக இணைக்கும். டிடெக்டர்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் ஏதோ ஒன்றின் அடியில் புகை எழுந்தால், சில வினாடிகளுக்குள் திரையில் ஒரு வரி வந்தாக வேண்டும்: நோட் 3, லூப் 2, டிடெக்டர் 87, பி பிளாக், 4-ஆம் தளம், துணி அறை. வரி வரும் அதே நேரத்தில் ஏர்கண்டிஷன் நிற்க வேண்டும், லிஃப்ட் தரைக்கு இறங்க வேண்டும், பூட்டிய கதவுகள் விட்டுக்கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் உத்தரவு போடுவது இந்தக் கார்டு.

சென்னையில் கால் நூற்றாண்டாக இந்தப் பேனல்களை நிறுவியும் பராமரித்தும் வரும் ஒரு பொறியாளர், வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். இந்தக் கார்டுக்குத் தீ என்றால் என்னவென்று தெரியாது. யாரைக் கேட்கச் சொன்னோமோ அவர்களைக் கேட்கும்; எழுதிக் கொடுத்ததைச் செய்யும். எழுதிக் கொடுப்பவரும் திரையைப் படிப்பவரும் சரியாக இருக்கிற அளவுக்குத்தான் அதுவும் சரியாக இருக்கும். அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

கேள்வியும் பதிலும்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து 1990-களின் பிற்பகுதியில் அவர் இந்த வேலைக்கு வந்தபோது, நகரத்தில் பெரும்பாலும் இருந்தவை கன்வென்ஷனல் பேனல்கள். ஒரு தளத்தின் டிடெக்டர்கள் எல்லாம் ஒரே ஜோடி வயரில் இருக்கும். புகை வந்தால் அந்தத் தளத்துக்கான விளக்கு எரியும், அவ்வளவுதான். எந்த அறை என்று பேனலுக்குத் தெரியாது. காவலாளி சாவிக்கொத்தோடு ஓடி, அறை அறையாகத் திறந்து, எந்த டிடெக்டரில் சிவப்பு எல்.ஈ.டி. எரிகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். பூட்டிய அறைக்குள் எரிந்தால் கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

அட்ரசபிள் பேனல்கள் இதை மாற்றின. ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதைப்போல கார்டு ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட, அந்தந்த டிடெக்டர் தன் அறைக்குள் புகை எவ்வளவு என்பதைப் பதிலாகச் சொல்லும். பதில் வராத எண்ணை ‘ட்ரபிள்’ என்று கார்டு திரையில் போடும். ஒரு லூப்பில், அதாவது பேனலிலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பும் ஒரு வயர்ச் சுற்றில், 159 டிடெக்டர்களையும், கதவு, லிஃப்ட் போன்றவற்றை இயக்கும் 159 மாட்யூல்களையும் தாங்கும் பேனல்கள் உண்டு. அந்த 318-ஐயும் விசாரித்து முடிக்க இரண்டு வினாடிகூட ஆகாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் இதே வேலை.

எண்ணை வைத்து இடத்தைச் சொல்லும் யோசனை பழையது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1852-இல் வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் தந்திக் கம்பிகளைக் கொண்டு ஒரு தீ எச்சரிக்கை அமைப்பை உருவாக்கினார்கள். தெருவோரப் பெட்டியில் கைப்பிடியைச் சுழற்றினால், எந்தப் பெட்டி என்று சொல்லும் எண் தந்தித் துடிப்புகளாக மைய அலுவலகத்துக்குப் போகும். அங்கிருப்பவர் கேட்டு, எழுதி, தீயணைப்பு நிலையங்களுக்கு மணியடிப்பார். அன்று ஒரு மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இன்று சி.பி.யூ. கார்டு இருக்கிறது.

அந்த எண்ணை டிடெக்டருக்குக் கொடுப்பது இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். டிடெக்டரின் முதுகில் இரண்டு சின்னச் சுழல் சுவிட்சுகள் இருக்கும். ஒன்று பத்துகளுக்கு, மற்றொன்று ஒன்றுகளுக்கு. 87 என்றால் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒன்றை 8-க்கும் அடுத்ததை 7-க்கும் திருப்ப வேண்டும். ஏணி மேல் நின்றுகொண்டு, ஃபால்ஸ் சீலிங் தூசி கண்ணில் விழ, ஒரே நாளில் நூறு டிடெக்டரைத் திருப்புகிறவன் எங்காவது தவறுவான். ஒரே எண்ணில் இரண்டு பேர் பதில் சொல்லத் தொடங்கினால் பேனல் குழம்பிப் போய்க் கத்தும்.

அப்படி ஒரு நாள் கூட வந்த பையன் பதறினான். “அண்ணே, 42 ரெண்டு இருக்குதுங்குது. எல்லா டிடெக்டரையும் கழட்டிப் பாக்கணுமா?”

“எதுக்குப்பா? பதில் சொல்லாத நம்பர் எதுன்னு பாரு.”

பையன் பட்டியலைப் புரட்டினான். 24 பதில் சொல்லவில்லை. 24-ஆம் டிடெக்டர் இருக்க வேண்டிய அறைக்குப் போய்க் கழற்றினால், சுவிட்சுகள் 4-லும் 2-லும் நின்றன. கார்டு சொல்லும் புகாரோடு அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்தால், பாதி வேலையை ஏணி ஏறாமலே முடித்துவிடலாம் என்பதை அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்டான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு வகைப் புகார்கள் வரும். மொட்டை மாடி ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கி, லூப் வயர் கேபிளின் இரும்புக் கவசத்தோடு தொட்டுக்கொள்ளும். திரையில் ‘எர்த் ஃபால்ட்’. இந்த ஒரு பழுதால் லூப் நின்றுவிடாது. டிடெக்டர்கள் எல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதனாலேயே பல இடங்களில் மழைக்காலம் முழுவதும் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, பஸ்ஸரை மட்டும் அமர்த்திவிடுகிறார்கள். இரண்டாவது இடத்தில் அடுத்த வயரும் கவசத்தைத் தொட்டால் அது ஷார்ட். லூப்பில் ஐசொலேட்டர்கள் வைத்திருந்தால் அந்தத் துண்டு மட்டும் விலகிக்கொள்ளும். காசு மிச்சம் என்று வைக்காமல் விட்டிருந்தால் மொத்த லூப்பும் படுத்துவிடும்.

பழுதான இடத்தைத் தேடுவதற்கு அவர் லூப்பை நடுவில் பிரிப்பார். எந்தப் பாதியில் பழுது என்று மல்டிமீட்டரால் பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவார். கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை எடுக்க விடமாட்டார். அது அனுப்பும் 500 வோல்ட், 24 வோல்ட்டில் வேலை செய்யும் டிடெக்டர்களைச் சுட்டுத் தள்ளிவிடும். கேபிளை மட்டும் தனியாகக் கழற்றிய பிறகுதான் மெக்கருக்கு வேலை.

வளையம்

ஒரே கட்டடம் என்றால் ஒரு பேனல் போதும். வளாகம் என்றால் நெட்வொர்க். ஒவ்வொரு பேனலும் ஒரு நோட். 64 நோட்கள்வரை இணையும் அமைப்புகளும் உண்டு, 100-ஐத் தாண்டுபவையும் உண்டு. பாதுகாப்பு அறையில் எல்லாக் கட்டடங்களின் செய்தியும் வரும் திரை இருப்பதால், மற்ற பேனல்கள் அதற்கு எடுபிடிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல அமைப்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் அதற்கென்று ஒரு கார்டு, அதற்கென்று ஒரு ப்ரோக்ராம், அதற்கென்று ஒரு பேட்டரி. பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் செத்துப்போனாலும் தன் கட்டடத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வளையமாக இணைப்பதும் இதற்காகத்தான். ஓர் இடத்தில் ஃபைபர் அறுந்தால் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து சேரும். திரையில் ட்ரபிள் மட்டும் வரும். இரண்டு இடத்தில் அறுந்தால் வளையம் இரண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இருக்கும் நோட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வேலை முடித்து ஒப்படைக்கும் நாளில் அவர் செய்யும் முதல் சோதனை இதுதான். கட்டட உரிமையாளரின் பொறியாளரை நிற்க வைத்து, ஃபைபர் கனெக்டரை உருவிக் காட்டுவார். பிறகு இரண்டாவதை உருவுவார். தனியாகிப்போன கட்டடத்தில் ஒரு டிடெக்டருக்குப் புகை ஸ்ப்ரே அடிப்பார். அங்கே ஹூட்டர் அலற வேண்டும். அலறினால்தான் கையெழுத்து.

கார்டே செத்துப்போனால்? அதற்கும் விதி இருக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 54-இன் இரண்டாம் பகுதிப்படி, பேனலுக்குள் ஒரு கோளாறு நேர்ந்தால் 512 டிடெக்டர்களுக்கு மேல் அதனால் பாதிக்கப்படக் கூடாது. ப்ராசசர் ஒழுங்காக ஓடுகிறதா என்று கவனிக்கத் தனியாக ஒரு வாட்ச்டாக் இருக்க வேண்டும். ஓட்டம் தடைபட்டால் பேனல் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல பேனல்களில், சி.பி.யூ. கார்டு விழுந்தால், லூப்களைக் கவனிக்கும் லூப் கார்டுகள் தாங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளும். எந்த அறை, எந்த எண் என்ற நுணுக்கமெல்லாம் போய்விடும். ஆனால் எங்கோ தீ என்று தெரிந்தால் ஹூட்டரை அடிக்கும் அளவுக்கு உயிர் மிச்சமிருக்கும். இந்தத் தொழிலில் தனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது என்று அவர் சொல்வார். தான் செத்தால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்து வடிவமைத்த பொருள்கள் குறைவு.

செத்த கார்டை மாற்றிய பிறகுதான் வேறோர் ஆபத்து வருகிறது. ஓர் அலுவலக வளாகத்தில் இடி இறங்கிய மறுநாள், வேறொரு ஒப்பந்ததாரரின் ஆட்கள் கார்டை மாற்றி, கையில் இருந்த ப்ரோக்ராமை ஏற்றிவிட்டுப் போனார்கள். திரையில் ‘சிஸ்டம் நார்மல்’. பச்சை விளக்கும் எரிந்தது. சில வாரங்கள் கழித்து ஆண்டு சோதனைக்கு அழைக்கப்பட்ட இவர், வழக்கப்படி வரைபடத்தையும் பேனலின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து எண்ணினார். பட்டியல் சிறியதாக இருந்தது. ஏற்றப்பட்டது பழைய ப்ரோக்ராம். அதற்குப் பிறகு கட்டிய பகுதியின் டிடெக்டர்கள் கூரையில் இருந்தன, வயரும் இருந்தது. கார்டு அவற்றின் எண்களைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாத ஒருவர் வரவில்லை என்று அது எப்படிப் புகார் சொல்லும்? அன்றிலிருந்து ஒவ்வொரு பேனலின் கதவுக்குள்ளும், அதில் ஓடும் ப்ரோக்ராமின் தேதியை எழுதி ஒட்டச் செய்கிறார். கார்டை மாற்றினாலும் அந்தத் தேதியைச் சரிபார்க்காமல் கதவைச் சாத்தக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பேஸ்மென்ட்கள் நிரம்பியபோது, இடம் மிச்சம் என்று அங்கே மாட்டியிருந்த பேனல்கள் தண்ணீருக்குள் போயின. வடிந்த பிறகு கதவைத் திறந்தால் கார்டின் மேல் சேறு படிந்திருந்தது. மேல் தளங்கள் எல்லாம் காய்ந்து, கரண்ட் வந்து, ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த கட்டடங்களில் எச்சரிக்கை மட்டும் இல்லை. பேனலுக்கும் அதன் திரைக்கும் இடம் தரைத்தளத்தில், வாசலிலிருந்து நேராகப் போகக்கூடிய அறையில்தான் என்று அவர் இப்போது வரைபடத்திலேயே கேட்டு வாங்குகிறார்.

குறுக்கும் நெடுக்கும்

கார்டுக்கு எழுதிக் கொடுப்பதில் மிக முக்கியமானது ‘காஸ் அண்ட் எஃபெக்ட்’ என்ற ஒரு பெரிய தாள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக, எங்கெங்கே புகை வரலாம் என்ற பட்டியல். மேலே குறுக்கே, அப்போது என்னென்ன நடக்க வேண்டும் என்ற பட்டியல். கட்டங்களில் புள்ளிகள். கட்டடக் கலைஞர், ஏ.சி. ஒப்பந்ததாரர், லிஃப்ட் நிறுவனத்தார், மருத்துவமனை நிர்வாகம் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் அந்தப் புள்ளிகளை ஒழுங்காக வைக்க முடியும். எல்லாரையும் உட்கார வைப்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான வேலை என்பார் அவர்.

லிஃப்ட்டை எடுத்துக்கொள்ளலாம். தளத்தின் லிஃப்ட் லாபியில் புகை என்றால் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். தரைத்தள லாபியிலேயே புகை என்றால்? அப்போது அது வேறொரு தளத்துக்குப் போக வேண்டும். ஒரு புள்ளியை மறந்தால், தப்பிக்க ஏறியவர்களை லிஃப்ட் நேராகப் புகைக்குள் கொண்டுபோய் இறக்கும். காந்தப் பூட்டுக் கதவுகளுக்கு வேறு கணக்கு. கரண்ட் இருந்தால் பூட்டியிருக்கும், கரண்ட் போனால் திறந்துகொள்ளும் என்ற விதத்தில் அவற்றுக்கு வயர் போட வேண்டும். பேனலே எரிந்துபோனாலும் கதவு திறக்கும்.

மருத்துவமனைகளில் ஏ.சி. புள்ளியை அவர் மற்ற எதையும்விட அதிகம் கவனிப்பார். 2011 டிசம்பர் 9 அன்று விடிவதற்கு முன் கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் நடந்ததை அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார். தீ பிடித்தது பேஸ்மென்ட்டில். வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நோயாளிகள் இருந்ததோ மேல் தளங்களில். கண்ணாடியால் மூடிய கட்டடத்துக்குள், ஏ.சி. டக்ட் வழியாகவும் புகை மேலே ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயைத் தொடாமலே, புகையில் மூச்சுத் திணறி. புகை தெரிந்த மறுகணம், ஏ.சி. காற்றைத் தள்ளும் ஏ.ஹெச்.யூ. நிற்பதும், டக்ட்டுக்குள் காற்றை அடைக்கும் டேம்பர் மூடுவதும் ஏன் சாதாரண விஷயம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சோதனை நடந்தபோது நேர்ந்ததும் இதைப் பற்றியதுதான். பழைய பிளாக்கையும் புதிய பிளாக்கையும் மூன்றாம் தளத்தில் ஒரு பாலம் இணைக்கிறது. பாலத்துக்கு வரும் குளிர்காற்று புதிய பிளாக்கின் ஏ.ஹெச்.யூ.விலிருந்து. பழைய பிளாக்கில், பாலத்தின் வாசலில் இருந்த டிடெக்டருக்குப் புகை அடித்தார்கள். திரையில் சரியான வரி. பழைய பிளாக்கில் ஹூட்டர், கதவு, லிஃப்ட் எல்லாம் சரி. புதிய பிளாக்கின் ஏ.ஹெச்.யூ. மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கையில் ஸ்டாப்வாட்சோடு நின்ற அவர் முதலில் ஏ.ஹெச்.யூ.வை நிறுத்தும் ரிலேயைச் சந்தேகித்தார். அது நன்றாக இருந்தது. கேபிளும் சரி. கடைசியில் இரண்டு ப்ரோக்ராம்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தபோது தெரிந்தது. பழைய பிளாக்கின் கார்டு ‘பாலத்தில் புகை’ என்ற செய்தியை வளையத்தில் ஒழுங்காக அனுப்பியிருந்தது. புதிய பிளாக்கின் கார்டுக்கோ, அந்தச் செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நோட் தாண்டிப் போகும் ஒவ்வொரு புள்ளியையும் அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் என இரண்டு இடத்தில் எழுத வேண்டும். இரண்டு கட்டடத்தையும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு ஆட்கள் ப்ரோக்ராம் செய்திருந்தார்கள். பாலம் இருவர் வரைபடத்திலும் ஓரத்தில் இருந்தது.

அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 72, டிடெக்டர் உணர்ந்த 10 வினாடிக்குள் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் இந்த அமைப்புகளுக்கான வழிமுறையை ஐ.எஸ். 2189 தருகிறது. இரண்டையும் படித்திருக்கும் அவர், ஒரு படி மேலே போய், தாளில் உள்ள புள்ளி ஒவ்வொன்றையும் நேரில் பார்த்தால்தான் டிக் அடிப்பார். ‘ரிலே விழுந்தது’ என்று பேனல் சொல்வதை ஏற்க மாட்டார். ஏ.ஹெச்.யூ. அறைக்குள் ஒருவன் நின்று, “ஃபேன் நின்னுடுச்சுண்ணே” என்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்.

திரை முன் இருப்பவர்

1988 மே 4 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடத்தில் 12-ஆம் தளத்தில் தீ பிடித்தது. டிடெக்டர்கள் வேலை செய்தன. பேனலும் வேலை செய்தது. கட்டடத்தில் ஸ்ப்ரிங்க்ளர் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அடிக்கடி பொய் எச்சரிக்கை வந்து பழகியிருந்த காவலர்கள், இதையும் அப்படியே நினைத்து ரீசெட் செய்தார்கள். மறுபடி வந்தது, மறுபடி ரீசெட். பராமரிப்பு ஊழியர் ஒருவர் என்னவென்று பார்க்க லிஃப்ட்டில் மேலே போனார். 12-ஆம் தளத்தில் கதவு திறந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை. தீயணைப்புத் துறைக்கு முதலில் தகவல் சொன்னவர்கள் வெளியிலிருந்து நெருப்பைப் பார்த்தவர்கள். ஐந்து தளங்கள் எரிந்தன. ஸ்ப்ரிங்க்ளர் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தும் வால்வுகள் திறக்கப்படவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குள், 1991 பிப்ரவரி 23 அன்று, ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் கிட்டத்தட்ட இதே காட்சி. எச்சரிக்கை வந்ததும் கட்டடத்தின் பொறியாளர் 22-ஆம் தளத்துக்கு லிஃப்ட்டில் போய், கதவு திறந்ததும் புகையில் சிக்கினார். கீழே இருந்த காவலர் ரேடியோவில் அவரோடு பேசியபடி லிஃப்ட்டை இறக்கிக் காப்பாற்றினார். அந்தத் தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

இந்த இரண்டையும் நம் பொறியாளர் சென்னைக் காவலர்களுக்குச் சொல்லித் தருகிறார். வரி வந்தால் முதலில் அக்னாலெட்ஜ். பஸ்ஸர் அடங்கும், வரி அழியாது. இடத்தைப் படி. ஒருவர் படியேறிப் போகட்டும், லிஃப்ட் வேண்டாம். இன்னொருவர் திரையை விட்டு நகரக் கூடாது. புகை உண்மை என்றால், அல்லது இரண்டாவது டிடெக்டரும் சேர்ந்துகொண்டால், உடனே 101. போய்ப் பார்த்தவர் சொல்லும்வரை ரீசெட்டில் கை வைக்காதே.

சொல்வது எளிது, பொய் எச்சரிக்கை வாரத்துக்கு நாலு முறை வந்தால் யாரும் இதைக் கடைப்பிடிக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து அவருக்குத் தொடர்ந்து போன் வரும். “சார், நாளைக்குப் பூஜை. சாம்பிராணி போடுவோம். ஃபயர் அலாரத்த ஆஃப் பண்ணிடலாமா?” மொத்தமாக ஆஃப் செய்ய அவர் சம்மதிப்பதில்லை. பூஜை நடக்கும் அறையின் டிடெக்டரை மட்டும் டிசேபிள் செய்து, அறையில் ஓர் ஆளை நிறுத்தி, முடிந்ததும் எனேபிள் செய்துவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாலையில் அவரே கூப்பிடுவார்.

மற்ற தொல்லைகளுக்கெல்லாம் வேறு மருந்து. டோஸ்டர் இருக்கும் பேன்ட்ரியில் புகை டிடெக்டரை எடுத்துவிட்டு வெப்ப டிடெக்டர். ஆட்டோகிளேவ் நீராவி படும் இடத்தில் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் டிடெக்டர். தூசி படிந்து மெல்ல மெல்ல அளவு ஏறும் டிடெக்டரைக் கார்டே அடையாளம் கண்டு ‘சுத்தம் செய்’ என்று கேட்கும். அந்தக் கோரிக்கையைப் படித்து, ஏணி எடுத்துப் போய்த் துடைத்தால், பொய் எச்சரிக்கைகளில் பெரும் பகுதி வராமலே போய்விடும். இதற்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. அதனால் யாரும் செய்வதுமில்லை.

பிறகு திரையில் வரும் அந்த ஒரு வரி. சில பேனல்களில் இடத்தின் பெயருக்குக் கிடைப்பது 20 எழுத்து மட்டுமே. ப்ரோக்ராம் செய்பவர் வரைபடத்தில் உள்ள அறை எண்ணை அப்படியே ஏற்றிவிடுவார். ‘ஆர்.எம். 4117-ஏ’ என்று வந்தால் இரவுக் காவலருக்கு என்ன புரியும்? அந்த எண் எந்தக் கதவிலும் எழுதியிருக்காது. பெயரை ஏற்றுவதற்கு முன் நம் பொறியாளர் காவலரைக் கூட்டிக்கொண்டு தளம் தளமாக நடப்பார். “இத நீங்க என்னன்னு சொல்வீங்க?” “டயாலிசிஸ் பின்பக்கம் சார்.” அதுவே பெயர். ‘காவேரி மீட்டிங் ரூம்’ என்று ஏற்றிய அறை அடுத்த ஆண்டே பழைய கோப்புகளை அடுக்கும் கிடங்காகிவிடும். ஆகவே ஆண்டுக்கொரு முறை பெயர்ப் பட்டியலோடு மறுபடி நடை.

ஒரு வளாகத்தில் இந்த நடை பலன் தந்தது. இரவில் யூ.பி.எஸ். அறை டிடெக்டரின் அளவு மெல்ல ஏறி, எச்சரிக்கைக்கு முந்தைய நிலையைத் தொட்டது. கார்டு ‘ப்ரீ அலாரம்’ போட்டது. ஹூட்டர் அடிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. திரையில் ‘பி பிளாக் யூ.பி.எஸ். கேட் பக்கம்’ என்று இருந்ததைப் படித்த காவலர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோடு நேராக அந்த அறைக்கே போனார். உள்ளே ஒரு கெபாசிட்டர் உப்பிப் புகைந்துகொண்டிருந்தது. எம்.சி.பி.யை இறக்கினார்கள், சிலிண்டரைத் திறக்க வேண்டியே வரவில்லை. மறுநாள் கார்டின் நினைவிலிருந்து நிகழ்வுப் பட்டியலை இறக்கி, முதல் ப்ரீ அலாரத்திலிருந்து ரீசெட்வரை ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு அவர் நிர்வாகத்துக்குப் படித்துக் காட்டினார். அக்னாலெட்ஜ் செய்த நேரமும் அதில் இருந்தது. அந்தக் காவலருக்குப் பாராட்டுக் கடிதம் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

மாதம் ஒரு தாள்

தன் பராமரிப்பில் உள்ள எல்லா இடத்திலும் அவர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார். மாதம் ஒரு முறை பேனலிலிருந்து டிசேபிள் பட்டியலை அச்செடுத்து நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு அனுப்ப வேண்டும். எந்த டிடெக்டர், எப்போதிலிருந்து, யார் சொல்லி என்று பக்கத்தில் எழுத வேண்டும். வெல்டிங் வேலைக்காக டிசேபிள் செய்து, வேலை முடிந்து, வெல்டர் ஊருக்கே போன பிறகும் அப்படியே கிடக்கும் எண்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன. ஆய்வுக்கு வருகிறவர்களும் பச்சை விளக்கைப் பார்த்ததோடு நிற்காமல் இந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் கோரிக்கை.

அதே தாளில் பேட்டரிக்கும் ஒரு வரி. என்.எஃப்.பி.ஏ. 72-இன் கணக்கு, கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் முடிவிலும் 5 நிமிடம் ஹூட்டர்களை அடிக்க வேண்டும் என்பது. குரல் அறிவிப்பு இருந்தால் 15 நிமிடம். காற்றோட்டம் இல்லாத அறையில் சென்னை வெயிலுக்கு லெட் ஆசிட் பேட்டரிகள் சீக்கிரமே உப்பிவிடும். மெயின்ஸை அணைத்து, ஹூட்டர்களை அடித்துப் பார்க்காமல், மீட்டரில் 24 வோல்ட் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து அவர் எந்தப் பேட்டரியையும் நம்புவதில்லை.

இப்போது அவர் கையில் இருப்பது, பாலம் உள்ள அந்த மருத்துவமனையின் நான்கு பிளாக்குகளிலும் கார்டுகளை மாற்றும் வேலை. பழைய மாடல் தயாரிப்பு நின்றுவிட்டது, உதிரி கிடைப்பதில்லை. புதிய கார்டு பழைய வளையத்தோடு பேசாது. நான்கையும் ஒரே இரவில் மாற்ற முடியாது என்பதால், மாற்றிய பிளாக்குகளுக்கு ஒரு வளையம், மாற்றாதவற்றுக்கு ஒரு வளையம் என்று சில வாரங்கள் இரண்டும் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையே தாண்டும் புள்ளிகளைத் தற்காலிக ரிலேக்கள் வழியாகக் கடத்தத் திட்டமிட்டிருக்கிறார்; பாலத்தின் ஏ.ஹெச்.யூ. அந்தப் பட்டியலில் முதல் வரி. ஒரு பிளாக்கின் பேனல் அணைந்திருக்கும் நேரம் முழுவதும், அதன் ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் டார்ச்சும் விசிலும் வாக்கிடாக்கியுமாகச் சுற்றிவர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். அதற்கான ஆள் பட்டியலை நர்சிங் கண்காணிப்பாளரும் அவரும் சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஐ.சி.யூ. இருக்கும் சி பிளாக்கைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றிலும் புதிய ப்ரோக்ராமைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து முடித்த பிறகே அங்கே கதவைத் திறப்பார்கள்.